கெசியா பெயர் பொறித்த கல்

கால்வெஸ்டன் தீவு,
1906 மார்ச் 4, ஞாயிறு.

ஆழத்துக்கு எல்லை வரைந்தவரும், அந்த எல்லையைக் கடல் ஒருநாள் மீறியபோதும் தம் சிங்காசனத்தை விட்டு அசையாதவருமான கர்த்தருக்கே துதி உண்டாவதாக. அவர் தந்தவர்கள் அவருடையவர்கள். அவர் எடுத்துக்கொண்டவர்களும் அவருடையவர்களே. இதைச் சொல்லாமல் உனக்கு ஒரு வரி எழுதவும் எனக்குத் துணிவில்லை.

அன்புத் தங்கை லுவீனியாவுக்கு, அண்ணன் ஆஸ்பரி எழுதுவது.

ஐந்து வருஷமாக நமக்குள் கடிதம் இல்லை. பிரென்ஹாம் ஊரிலிருந்து வருகிற சகோதரர்களிடம் உன் சுகத்தை விசாரித்துக்கொள்வேன். மருந்துக்கடைக்காரர் வீட்டில் நீ சமையலுக்கு இருப்பதாகவும், உன் கணவர் வைலியை அவ்வூர்க் கல்லறை நிலத்தில் ஓக் மரத்தடியில் அடக்கம் செய்ததாகவும் சொன்னார்கள். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ விட்டுப்போன தீவு இது அல்ல. 1900-ஆம் வருஷப் புயலில் ஊரை வாரிப்போன கடல் மறுபடி ஏறாதபடி, தெற்கே கடலோரம் நெடுக ஒரு சுவர் எழும்பிவிட்டது. சுவர் மட்டும் போதாது, ஊரையே உயர்த்த வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். ஊருக்கு நடுவே வாய்க்கால் வெட்டி, அதில் தூர்வாரும் கப்பல்கள் வந்து நின்று, கடலடி மணலையும் நீரையும் குழாய் வழியே கக்குகின்றன. நீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். அதற்கு முன்பாக வீடு, பள்ளி, சபை எல்லாவற்றையும் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட வேண்டும். எனக்கு அந்த வேலைதான். ஜாக்கி திருப்புகிற வயது போய்விட்டதால், பாட்டு எடுத்துக் கொடுக்கிறவனாக நிற்கிறேன். நான் ஒரு வரி பாடி முடிக்கையில் நூறு பேரும் ஒன்றுபோல ஜாக்கியைக் கால்வாசிச் சுற்றுத் திருப்ப வேண்டும். ஒருவன் பிந்தினாலும் சுவர் விரிசல் காணும். "டீக்கன், சங்கீதம் நீளமா இருக்கு, சின்னதா ஒண்ணு எடுங்க, இடுப்பு போச்சு!" என்று, சபையில் டீக்கன் ஊழியம் செய்கிறவன் என்றும் பாராமல், கீழேயிருந்து கத்துகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் கழிந்த செவ்வாய், ஏப்ரல் பதினேழாம் தேதி, நம் கறுப்பர் சபையின் கல்லறை நிலத்துக்குக் குழாய் வருகிறது. அங்கே ஏழு அடி மணல் ஏறும். பெட்டிகளைத் தொடமாட்டார்கள், அவை இருக்கும் இடத்திலேயே ஆழத்தில் இருக்கும். மேலே உள்ள கல்லை உயர்த்தி வைப்பதா, மணலுக்கு விட்டுவிடுவதா என்று ஒவ்வொரு குடும்பமும் சொல்ல வேண்டும். உன் மகள் கெசியாவின் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியவள் நீ. அவள் தாய்மாமன் என்ற முறையில் உயர்த்தும் வேலையை நானே செய்துவிடுவேன். உன் ஒரு வார்த்தை போதும்.

உன் அண்ணன்,
ஆஸ்பரி டாலிவர்.


பிரென்ஹாம்,
மார்ச் 11.

அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் வந்தது. நான்கு முறை வாசித்தேன். கப்பல், வாய்க்கால், ஜாக்கி எல்லாம் இருந்தன. கெசியா கடைசி ஆறு வரியில் வந்தாள்.

என் வார்த்தையைக் கேட்டாய். சொல்கிறேன். கல்லை உயர்த்த வேண்டாம். என் மகளைத் தோண்டி எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்து ரயிலில் எனக்கு அனுப்பு. வைலியின் பக்கத்தில் இடம் இருக்கிறது. தகப்பனிடம் அவளைக் கொண்டு சேர்த்துவிட்டு, அப்புறம் நானும் அங்கேயே படுத்துக்கொள்வேன். அந்தத் தீவு அவளை ஒருமுறை மூழ்கடித்தது போதும். இன்னொரு முறை அவள் தலைமேல் கடலைக் கொட்ட நான் சம்மதிக்கமாட்டேன்.

நான் ஏன் ஐந்து வருஷம் எழுதவில்லை என்பதை மறந்துவிட்டாயோ என்று சந்தேகம் வருகிறது. கல் நட்ட அன்று நம் சபை டெம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டுல தண்ணி படியேறுனதுமே கோடாலி எடுத்துத் தரையை வெட்டிட்டோம் லுவீனியா. தண்ணி உள்ள வந்துச்சு, வீடு நின்னுச்சு. உங்க அண்ணன் வீட்டுல மட்டும் ஏன்டி வெட்டல?" தீவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம் அது. தரையில் ஓட்டை போட்டால் வீடு கனத்து நிற்கும்; போடாவிட்டால் கட்டுமரம்போல மிதந்துபோகும். கட்டிலுக்கு அடியில் கோடாலி வைத்திருந்தவன் நீ. நான் உன்னை நம்பித்தான் என் பிள்ளையை அனுப்பினேன்.

பெட்டி எந்த ரயிலில் வரும் என்று எழுது.

லுவீனியா.


கால்வெஸ்டன்,
மார்ச் 18.

அன்புத் தங்கைக்கு,

கிருபையும் சமாதானமும் உண்டாவதாக.

தரையை நான் வெட்டவில்லை. அது உண்மை. அந்த வீட்டின் தூண்களை நானே நட்டேன், அந்தத் தரையை நானே இழைத்தேன். பக்கத்து வீட்டார் கூவினார்கள். "என் தூண் அசையாது" என்று ஜன்னல் வழியே பதில் சொன்னேன். அரைமணி நேரத்தில் அசைந்தது. என் மனைவி ரோடாவை அன்றே இழந்தேன். அவளை நான் மறுபடியும் காணவே இல்லை. பெருமை என்ற பாவத்தின் சம்பளத்தை வாங்கினவன் நான். இதை நீ நூறு தரம் சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன்.

ஆனால் பெட்டி விஷயத்தில் கொஞ்சம் பொறு. ஈரமண்; ஆறு வருஷத்தில் பலகை இற்றுப்போயிருக்கும். ரயில்காரர்களும் ஆயிரம் காகிதம் கேட்பார்கள். உறங்குகிறவர்களை எழுப்புவது கடைசி நாள் எக்காளத்தின் வேலை, மண்வெட்டியின் வேலை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே இப்போது யாரும் தரையில் நடப்பதில்லை; கீழெல்லாம் குழாய் கக்கிய உப்புநீரும் சேறுமாக ஒரே கழி. வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு, ஆள் உயரத்துக்கு மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறோம். அகலம் இரண்டு பலகை. நேற்று டெம்பி ஒரு பக்கமிருந்தும் ஆர்லீனா மறுபக்கமிருந்தும் வந்து நடுவில் முட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் எத்தனை பெருத்தவர்கள் என்று உனக்குத் தெரியும்.

"பின்னால போடி, கையில சூடா வெண்டைக்காய்க் குழம்பு வச்சிருக்கேன்."

"நான் ஏன் போகணும்? உன் குழம்புக்குப் பயந்து கழியில குதிக்கவா?"

"குதிச்சா கழி வத்திப்போகும்டி!"

கடைசியில் இருவரும் பலகையிலேயே உட்கார்ந்து குழம்பைத் தின்று முடித்தார்கள். ஊரே நின்று சிரித்தது. நம் சபைக் கட்டடத்தையும் ஐந்தடி தூக்கிவிட்டோம். ஒரு ஞாயிறுகூட ஆராதனை நிற்கவில்லை. போதகர் பிரசங்கிக்கையில் ஜாக்கிகள் காலடியில் முனகிக்கொண்டிருந்தன. அடிமைகளாயிருந்த நமக்கு விடுதலை அறிவித்த ஜூன் நாளின் ஊர்வலத்தை இந்த வருஷம் பலகைமேல் எப்படி நடத்துவது என்று பெரியவர்கள் இப்போதே தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அவள் இங்கே தன் சனங்களோடு இருக்கட்டும், லுவீனியா. கல்லை மட்டும் உயர்த்துகிறேன்.

ஆஸ்பரி.


பிரென்ஹாம்,
மார்ச் 25.

அண்ணனுக்கு,

ஈரமண், காகிதம், எக்காளம். மூன்று சாக்கு சொல்லியிருக்கிறாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு ஒரு குணம். காரணம் ஒன்று இருந்தால் ஒன்று சொல்வாய். இல்லாவிட்டால் மூன்று சொல்வாய். குழம்புக் கதையை வாசித்தபோது நான் சிரிக்கவில்லை.

என் பாவத்தை நீ எடுத்துச் சொல்லவில்லை. அது உன் தயவு, எனக்கு வேண்டாம். நானே எழுதுகிறேன். அன்று காலை தெருவில் முழங்கால் தண்ணீர். நாம் என்ன செய்தோம்? வெள்ளம் வந்தால் தீவில் திருவிழா. பிள்ளைகள் துணி துவைக்கிற தொட்டியில் ஏறிப் படகு விட்டார்கள். கெசியா வந்து, "அம்மா, மாமா வீட்டுப் பக்கம் அலை வீட்டு உசரம் வருதாம், பாத்துட்டு வரட்டுமா?" என்றாள். நான் அவளுக்கு நல்ல பாவாடை உடுத்தி, இரண்டு பின்னல் போட்டு, நீல ரிப்பன் கட்டி, டிராம் ஏற்றி உன்னிடம் அனுப்பினேன். கடல் பார்க்க அனுப்பினேன். வேறு ஊர்த் தாய் ஒருத்தி அன்றைக்குப் பிள்ளையைக் கதவுக்குள் வைத்துப் பூட்டியிருப்பாள். தீவுக்காரி என்பதால் நான் பயப்படவில்லை.

ஆகையால் நான் உன்னைமட்டும் குற்றவாளிக்கூண்டில் நிறுத்தவில்லை. இருவரும் நிற்கிறோம்.

ஆறாம் நாள் சபைப் படியில் உன்னைப் பார்த்தபோது, "முகம் எப்படி இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டேன். "தூங்குற மாதிரி இருந்துச்சு" என்றாய். அந்த ஒரு வார்த்தையைத் தலையணையாக வைத்துத்தான் இத்தனை வருஷம் படுக்கிறேன். தீவில் எத்தனை தாய்மாருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ தோண்டத் தயங்குவதானால் நானே வருகிறேன். ஏப்ரல் ஏழு, சனிக்கிழமை ரயில். இங்கே பெட்டி செய்கிற சகோதரரும் கூட வருவார். பெட்டியைத் திறந்து அந்த இரண்டு பின்னலையும் ஒருமுறை தொட வேண்டும். முடி அழியாது என்று அவர் சொல்கிறார்.

லுவீனியா.


கால்வெஸ்டன்,
மார்ச் 29, வியாழன்.

லுவீனியா,

வராதே. இதை முழுவதும் வாசிக்கும்வரை ரயில் ஏறாதே. வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. வேறொருவர் கண்ணில் பட்டால் என் உயிருக்கே ஆபத்து. அது ஏன் என்று வாசிக்கும்போது உனக்கே தெரியும்.

அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பது கெசியா அல்ல.

எழுதிவிட்டேன். இனி முறையாகச் சொல்கிறேன்.

வீடு உடைந்தபோது கூரையின் ஒரு துண்டு எங்களுக்குக் கிடைத்தது. கெசியா என் தோள்வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. "மாமா, பாவாடையெல்லாம் நனைஞ்சிருச்சு, அம்மா கோவிச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள். "கோவிக்கமாட்டாங்க" என்றேன். அப்போது ஒரு விட்டம் வந்து மோதியது. கண் தெளிந்து பார்க்கையில் தோள்வார் அறுந்திருந்தது. அவ்வளவுதான். அவள் கேட்ட கேள்வியை இதுவரை உன்னிடம் சொல்லாதது என் குற்றம். அது உனக்குச் சேர வேண்டியது.

மறுநாள் நான் அவளைத் தேடிக்கொண்டிருக்கையில் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். கறுப்பு ஆண்பிள்ளைகளையெல்லாம் தெருவிலிருந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். செத்தவர்களைத் தூக்கித் தட்டைப் படகில் ஏற்ற வேண்டும். படகு நடுக்கடலுக்குப் போய்க் கொட்டிவிட்டு வரும். மறுத்தவன் நெஞ்சில் துப்பாக்கி முனை. சாராயம் கொடுத்தார்கள். முப்பது வருஷம் சபையில் மதுவுக்கு விரோதமாகப் பேசிய நான் குடித்தேன். குடிக்காமல் ஒருவனாலும் அதைச் செய்திருக்க முடியாது. நீ நான்கு நாள் என்னைத் தேடிக் காணாமல், அண்ணன் ஓடிப்போய்விட்டான் என்று நினைத்த நாட்கள் அவை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெண்பிள்ளை கைக்கு வந்தாள். கெசியாவின் உயரம். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெயிலும் தண்ணீரும் நிறத்தையும் எடுத்துவிட்டன. கறுப்பா வெள்ளையா என்று தோலைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் முடி இருந்தது. மஞ்சள் முடி, லுவீனியா. ஒற்றைப் பின்னல்.

வெள்ளைக்காரப் பிள்ளை என்று தெரிந்துதான் தூக்கினேன். அதற்கு முன் எத்தனை பிள்ளைகளை ஏற்றினேன் என்பதைத் தேவன் அறிவார். இவளோடு என் கை நின்றுவிட்டது.

"ஏய், என்ன நிக்கிற? தூக்கிப் போடு" என்றான் காவல்காரன்.

"ஐயா, இது எங்க பிள்ளைங்க. என் தங்கச்சி மக. மண்ணுல வைக்க விடுங்க ஐயா" என்றேன்.

அவன் கிட்டே வந்தான். மூக்கில் கற்பூரத் துணி கட்டியிருந்தான். அவள்மேல் போட்டிருந்த சாக்கைத் துப்பாக்கி முனையால் தூக்கிப் பார்த்தான். முடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"உன் தங்கச்சி மகளா?"

"ஆமாங்க ஐயா."

சாக்கைத் திரும்ப இறக்கி மூடினான். பிறகு, "போ. சீக்கிரம் போ. நான் எதையும் பாக்கல" என்றான். அவனுக்கும் பிள்ளை இருந்திருக்கும்.

நம் சபை நிலத்தில் வைத்தேன். கறுப்பன் ஒருவன் வெள்ளைக்காரப் பிள்ளையைத் தன் சனங்களின் மண்ணில் வைத்தான் என்று வெளியே தெரிந்தால் இன்றைக்கும் அவனை மரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள். பெட்டி கிடையாது, ஒரு கதவுப் பலகை. ஒரு பிள்ளையாவது கடலுக்குப் போகாமல் மண்ணுக்குப் போகட்டும் என்பதைத் தவிர அன்று என் மனதில் வேறு ஒன்றும் இல்லை. உன்னை ஏமாற்றவேண்டும் என்று அதைச் செய்யவில்லை. ஆறாம் நாள் சபைப் படியில் நீ என்னைப் பார்த்து, "கெசியா எங்க அண்ணே?" என்று கேட்டாய். "மண்ணுல வச்சிட்டேன்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது. அடுத்து முகத்தைக் கேட்டாய். தூங்குகிற மாதிரி என்றேன். காவல்காரனிடம் சொன்ன பொய்யையே உன்னிடமும் சொன்னேன்.

வைலி கல் செதுக்கும்போது தடுத்திருக்க வேண்டும். செதுக்கி முடிக்கும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து உளி எடுத்துக் கொடுத்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். குழாய் வர இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

ஆஸ்பரி.


பிரென்ஹாம்,
ஏப்ரல் 4.

ஆஸ்பரிக்கு,

உன் கடிதம் வந்த நேரம் நான் சமையலறையில் இந்த வீட்டுச் சின்னப் பெண் அடீலுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். மஞ்சள் முடி. ஐந்து வருஷமாகத் தினம் சீவுகிறேன். பாதியில் கை நின்றுவிட்டது. "இழுக்குது லுவீனியா, வலிக்குது" என்று அழுதாள். எவ்வளவு நேரம் இறுகப் பிடித்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. என் மகளைப் பற்றி எனக்கு வந்த கடைசிச் செய்தி அது. பாவாடையைப் பற்றிக் கேட்ட பகுதியை வெட்டி வேதப்புத்தகத்தில் வைத்துக்கொண்டேன். மீதியைத்தான் எரித்தேன்.

சனிக்கிழமை நான் வரவில்லை. பெட்டிக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.

கல்லைப் பிடுங்கி எனக்கு அனுப்பு. அதில் என் மகள் பெயர் இருக்கிறது. வைலியின் கை இருக்கிறது. எனக்கு மிஞ்சினது அது ஒன்றுதான். வைலியின் பக்கத்தில் நட்டுக்கொள்கிறேன். அங்கே இருக்கிற பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்காதே. அவளுக்குத் தாய் இருக்கிறாள், அல்லது இருந்தாள். எனக்கு அவள் யாரும் அல்ல.

லுவீனியா.


கால்வெஸ்டன்,
ஏப்ரல் 9, திங்கள்.

தங்கைக்கு,

நீ சொன்னபடி செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஜாக்கியும் இரண்டு ஆட்களுமாகப் போய்க் கல்லை எடுத்தோம். அடியில் சதுரமாக ஈரத் தடம் இருந்தது. வைக்கோல் சுற்றி மரச்சட்டத்தில் அடைத்து என் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை சரக்கு ரயிலில் ஏற்றிவிடுவேன்.

பலகைப் பாதையில் டெம்பி நின்று பார்த்தாள்.

"கல்லை எங்க டீக்கன் கொண்டுபோற?"

"தாய் கேட்டா. அனுப்புறேன்."

"அப்ப பிள்ளை?"

"பிள்ளை இங்கயே இருக்கட்டும்னுட்டா."

அவள் இடுப்பில் கைவைத்தாள். "கல்லு ஒரு ஊரு, பிள்ளை ஒரு ஊரா? என்ன நியாயம் டீக்கன் இது? லுவீனியாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?" என்றாள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பெண்கள் அந்த வெற்றிடத்தைச் சுற்றி அரளிக் கிளைகளை நட்டிருக்கிறார்கள். உப்பு மணல் ஏறினால் அரளியும் நிற்காது என்று அவர்களுக்கும் தெரியும்.

நான் வாதாடவில்லை. அதற்கு எனக்கு வாய் இல்லை. நடக்கப்போவதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்குப் பிறகு அங்கே எந்த அடையாளமும் இராது. மரப்பலகை நட்டால் குழாய்த் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். பிற்பாடு நானே போய்த் தேடினாலும் அந்த இடத்தைக் காட்ட முடியாது. கர்த்தர் அறிவார் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் அறிவார்தான்.

ஆஸ்பரி.


பிரென்ஹாம்,
ஏப்ரல் 12, பெரிய வியாழன்.

அண்ணனுக்கு,

இக்கடிதம் நாளை உன் கைக்கு வரும். வந்தவுடன் கல்லைச் சட்டத்திலிருந்து பிரி. சரக்கு ரயிலுக்குக் கொண்டுபோகாதே.

நேற்று வைலியின் பக்கத்தில் குழி வெட்ட ஆள் வைத்தேன். நான் போவதற்குள் ஒரு பிள்ளையின் நீளத்துக்கு வெட்டிவிட்டான்.

"பெட்டி எப்பம்மா வருது?" என்றான்.

"பெட்டி இல்ல. கல்லு மட்டும்தான்."

"கல்லு நட ஒரு முழம் போதுமேம்மா. இவ்வளவு வெட்டிட்டேனே. மூடிடவா?"

அந்தக் குழியில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை, அண்ணா. ஒரு ரிப்பன்கூட இல்லை. அங்கே ஒரு பிள்ளைமேல் கல் இல்லை. இங்கே ஒரு கல்லுக்குக் கீழே பிள்ளை இல்லை. இதைச் செய்யத்தான் நான் உனக்கு உத்தரவிட்டேன்.

பெருங்காற்று வீட்டை வீழ்த்திப் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த வேதத்து நீதிமானைப் பற்றிச் சின்ன வயசிலிருந்து கேட்கிறோம். பிறகு வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள், அவன் ஆறுதல் அடைந்தான் என்கிறார்கள். அந்தப் பிற்காலப் பிள்ளை ஒருத்தியின் பெயரைத்தான் என் மகளுக்கு வைத்தோம். எனக்கும் அவளுக்கு முந்திப் பிறந்த பிள்ளைகள் மூன்று மண்ணுக்குள் போயிருந்தனவே. முதல் பத்துக்குப் பதிலாக அடுத்த பத்து போதுமா என்று அந்தத் தாயிடம் யாரும் கேட்டதாக நான் வாசிக்கவில்லை. கேட்டிருந்தால் போதாது என்றே சொல்லியிருப்பாள். ஆகவே அந்த மஞ்சள் முடிக்காரி எனக்கு மகள் ஆகிவிட்டாள் என்று உன்னைத் தேற்றமாட்டேன். அவள் என் மகள் அல்ல. என் மகள் கடலில் இருக்கிறாள்.

ஆனாலும் அந்த இடத்தைப் பார்த்து இத்தனை வருஷம் அழுதவள் நான். அவளைப் பெற்றவளுக்கு இடம் தெரியாது, அழவும் முடியவில்லை. அங்கே விழுந்த கண்ணீரெல்லாம் அந்தப் பிள்ளைமேல்தான் விழுந்தது. அதை நான் திரும்ப வாங்க முடியுமா? வாங்கினாலும் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கல்லை இருந்த இடத்திலேயே நடு. ஏழடிக்குச் செங்கல் தூண் கட்டி அதன்மேல் நிறுத்து; செவ்வாய்க்குள் காய வேண்டும், ஆட்களைச் சேர்த்துக்கொள். பெயரை அழிக்காதே. கெசியா தனக்கென்று எதையும் பூட்டிவைத்த பிள்ளை அல்ல. பாதி ரொட்டியைத் தெருவில் கொடுத்துவிட்டு வருவாள். பெயரும் அங்கே இருக்கட்டும். டெம்பி கேட்டால், லுவீனியாவுக்குப் புத்தி திரும்பிவிட்டது என்று சொல். உண்மையை அவளிடம் சொல்லாதே. அவளால் எதையும் பலகைப் பாதையில் இறக்கிவைக்காமல் வீடு போய்ச் சேர முடியாது.

குழியை மூடச் சொல்லிவிட்டேன். மூடும்வரை நின்றேன்.

நான் தீவுக்கு வரமாட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அது இன்றைக்குப் பொய்யாக இருக்கும். நமக்குள் ஒரு பொய் போதும். உண்மையாகும் நாளில் எழுதுகிறேன். அதுவரைக்கும் நீ உயிரோடு இரு.

ஆசீர்வதிக்க மட்டும் என்னால் முடிகிறது. அது என்னுடையது அல்லவே; என் கை வழியாகக் கடந்துபோகிறது, அவ்வளவுதான். தண்ணீர்களின்மேல் அசைவாடினவர் உன்மேல் கண்வைப்பாராக. உன் கூரையின் கீழ்ப் படுக்கிறவர்களையும், உன் மேஜையில் சாப்பிடுகிறவர்களையும், இக்கடிதம் எவர் கையில் கிடைத்தாலும் அவரையும் அவர் வீட்டாரையும் கர்த்தர் காப்பாராக. காலையில் அனுப்பிய பிள்ளைகள் மாலையில் அவர்கள் வாசலுக்குத் திரும்பி வருவார்களாக. நனைந்த பாவாடையோடு வந்தாலும் கோபிக்காத தாய் அவர்களுக்கு இருப்பாளாக. ஆமென்.

லுவீனியா.